சுழலும் நட்சத்திரங்களுக்குக் கணக்கு எழுதியவர்

பம்பரம் சுற்றுகிறது. ஆணி முனையில் நிற்கிறது. விழவில்லை!

ராயக்கோட்டை மலைக்கோட்டையின் அடிவாரத் தெருக்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கயிற்றைச் சுற்றிச் சுண்டி விட்டால் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். வேகம் தளர்ந்ததும் தலையை ஆட்டும். பிறகு சாய்ந்து விடும்.

பம்பரம் கெட்டியான மரம். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதன் உருவம் மாறுவதில்லை.

மரத்துக்குப் பதிலாக அது தண்ணீராக இருந்தால்? கொதிக்கும் வாயுவாக இருந்தால்? சுற்றச் சுற்ற அது என்ன உருவம் எடுக்கும்? எந்தக் கட்டத்தில் உடைந்து போகும்?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. வானத்தில் மின்னும் நட்சத்திரங்கள் எல்லாம் இப்படிப்பட்ட பம்பரங்கள்தான். நம் சூரியன் கூடச் சுற்றுகிறது. அதன் நடுப்பகுதி ஒரு முறை சுற்றி வர சுமார் 25 நாட்கள் ஆகின்றன. நாம் நிற்கும் பூமியும் சுற்றுகிறது. ராயக்கோட்டையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நினைப்பவர், பூமியின் சுழற்சியால் மணிக்கு சுமார் 1,630 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார்!

நியூட்டன் காலம் முதல் மகா மேதைகள் பலர் இந்தக் கணக்கில் இறங்கினார்கள். பாதியில் நின்று போயிற்று. நின்று போன கணக்கைக் கையில் எடுத்து, முடித்து வைத்தவர் ஒரு தமிழர்.

அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். நோபல் பரிசு பெற்ற வான விஞ்ஞானி.

லாகூரில் பிறந்த பிள்ளை

சந்திரசேகர் 1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். இன்று அந்த நகரம் பாகிஸ்தானில் இருக்கிறது. தகப்பனார் சி. சுப்பிரமணிய அய்யர், ரெயில்வே கணக்குத் தணிக்கை இலாகாவில் பெரிய அதிகாரி. சங்கீதப் பித்தர். வயலின் வாசிப்பார். கர்நாடக சங்கீதம் பற்றிப் புத்தகமும் எழுதியவர்.

தாயார் பெயர் சீதாலட்சுமி. அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் தாமே ஆங்கிலம் கற்றுக்கொண்டு, இப்சன் எழுதிய பிரபல நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தார். குழந்தைகள் பத்துப் பேர். பத்துக் குழந்தைகளுக்கு நடுவே பேனா பிடித்த தாய் அவர்! இதை நம் வீட்டுப் பெண்மணிகள் கவனிக்க வேண்டும்.

பெண் குழந்தைகள் இருவருக்குப் பிறகு பிறந்த முதல் ஆண் குழந்தை சந்திரசேகர்.

தகப்பனாரின் தம்பி யார் தெரியுமா? சர் சி. வி. ராமன்! சித்தப்பா வீட்டுப் பெருமை பையனுக்குப் பின்னால் நிழல் போல வந்தது. ஆனால் அந்த நிழலில் குளிர் காய அவர் விரும்பியதே இல்லை.

1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் 'சந்திர விலாஸ்' என்ற வீடு. பையன் 12 வயது வரையில் பள்ளிக்கூடம் போகவில்லை. தாயார் தமிழ் சொல்லிக் கொடுத்தார். தகப்பனார், ஆபீசுக்குப் போவதற்கு முன்னால், ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925-ல், 15 வயது கூட நிரம்பாத நிலையில், மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

கணிதம் படிக்க ஆசை. தகப்பனாரோ, பையன் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதிக் கலெக்டர் ஆக வேண்டும், அதற்குப் பௌதிகம்தான் உதவும் என்று நினைத்தார். பையன் எதிர்த்துப் பேசவில்லை. பௌதிக வகுப்பில் பெயரைப் பதிவு செய்தார். கணித வகுப்பிலும் போய் உட்கார்ந்து கொண்டார். இரண்டு பேருக்கும் வெற்றி!

1928-ல் ஜெர்மனியில் இருந்து சோமர்பெல்டு என்ற பெரிய விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த 18 வயதுப் பையன், ஓட்டலுக்கே போய் அவரைச் சந்தித்தான். அந்தப் புத்தகம் வெளிவந்த பிறகு அணு விஞ்ஞானமே தலைகீழாக மாறி விட்டது என்று அவர் தெரிவித்தார். வேறு பையனாக இருந்தால் சோர்ந்து போயிருப்பான். இவர் புதிய கட்டுரைகளைத் தேடிப் படித்தார். அடுத்த ஆண்டே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்து விட்டது.

கப்பலில் போட்ட கணக்கு

1930-ல் சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் போகலாம். ஆனால் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். போனால் மறுபடி பார்க்க முடியுமா என்பது சந்தேகம். சுற்றத்தார் தயங்கினார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் தாயார்தான்.

ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பல் புறப்பட்டது. அப்போது அவருக்கு 19 வயது.

முதலில் கடல் கொந்தளிப்பு, தலைச்சுற்றல். பிறகு கடல் அடங்கியது. மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார்.

நட்சத்திரம் என்பது எரிகிற அடுப்பு. விறகு தீர்ந்தால்? தன் கனத்தாலேயே அது உள்ளுக்குள் சுருங்கும். சுருங்கிச் சுருங்கி, பூமி அளவுக்கு வந்து நின்று விடும். இதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். மார்கழி, தை இரவுகளில் வானத்திலேயே மிகப் பிரகாசமாகத் தெரிகிறதே சிரியஸ் நட்சத்திரம், அதன் பக்கத்தில் இப்படி ஒரு குள்ளன் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

எல்லா நட்சத்திரமும் கடைசியில் வெள்ளைக் குள்ளன் ஆகி, அமைதியாக அடங்கி விடும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். 19 வயது வாலிபர் போட்ட கணக்கு வேறு விடை சொல்லிற்று. ஓர் எல்லை இருக்கிறது. பிற்காலத்தில் திருத்தமாகக் கணக்கிட்டபடி, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் கனம் உள்ள நட்சத்திரம் குள்ளனாக நிற்க முடியாது. சுருங்கிக்கொண்டே போகும்!

இதுதான் இன்று உலகமெங்கும் 'சந்திரசேகர் எல்லை' என்று பாடப் புத்தகங்களில் இருப்பது.

1931 மே மாதம் தாயார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

சபையில் சிரித்தார்கள்

அக்காலத்தில் வான விஞ்ஞானத்தில் முடிசூடா மன்னர் எடிங்டன். கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் அறைக்கு அவர் அடிக்கடி வருவார். கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். கணக்குப் போடும் எந்திரம் கூட வரவழைத்துக் கொடுத்தார்.

1935 ஜனவரி 11-ந் தேதி லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டம். சந்திரசேகர் எழுந்து தம் முடிவை விளக்கினார். உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். நட்சத்திரம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போவது அபத்தம், இயற்கை அதற்கு இடம் கொடுக்காது என்று அடித்துப் பேசினார். கேலியும் செய்தார். சபை சிரித்தது.

24 வயது வாலிபர் தலைகுனிந்து வெளியே வந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், எடிங்டன் சொல்வது தவறு என்று பெரிய பௌதிக விஞ்ஞானிகளுக்குத் தெரியும். தனியாகப் பேசும்போது சந்திரசேகர் பக்கம் நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாக எழுந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. எதிர்ப்பவரைவிட, தெரிந்தும் வாய் மூடி இருப்பவர்தான் அதிகம் நோகடிக்கிறார் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டை போடவில்லை. தம் முடிவுகளை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதி 1939-ல் வெளியிட்டார். அத்துடன் அந்தப் பொருளை மூடி வைத்து விட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய் விட்டார். எடிங்டனோடு நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1944-ல் எடிங்டன் இறந்தபோது, அவரைப் புகழ்ந்தே பேசினார்.

இந்தப் பழக்கம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஒரு துறையில் இறங்குவார். சில ஆண்டுகள் இரவு பகலாக உழைப்பார். முழுவதையும் ஒரு பெரிய புத்தகமாக எழுதுவார். பிறகு அடுத்த துறை!

அமெரிக்காவில் இல்லறம்

1936-ல் சென்னை வந்து லலிதாவை மணந்தார். மாநிலக் கல்லூரியில் அவருக்கு அடுத்த வகுப்பில் பௌதிகம் படித்தவர் லலிதா. அந்தக் காலத்தில் பெண்கள் பௌதிகம் படிப்பதே அபூர்வம். பெரியவர்கள் தேடி வைத்த கல்யாணம் அல்ல. இருவரும் விரும்பிச் செய்துகொண்டது.

அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் செய்தார். கணித மேதை ராமானுஜத்தின் நல்ல படம் ஒன்று கூட இங்கிலாந்தில் இல்லை. சந்திரசேகர், ராமானுஜத்தின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிச் சென்றார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பெற்று வந்தார். இன்று எங்கும் காணப்படும் ராமானுஜம் படம் அதுதான்.

1937 ஜனவரியில் தம்பதிகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் வேலை. பனி கொட்டும் சிற்றூர். வெளுத்த நிறத்தவர் நடுவே தமிழ்க் குடும்பம் ஒன்று. கடைசி வரையில் சைவச் சாப்பாடுதான்.

1938-ல் பல்கலைக்கழக வளாகத்தில் வகுப்பு நடத்த அவரை அழைத்தார்கள். கறுத்த நிறத்தவர் வேண்டாம் என்று அங்கே இருந்த அதிகாரி ஒருவர் ஆட்சேபித்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதைத் தள்ளி விட்டு, சந்திரசேகர் பாடம் நடத்தியே தீர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

1953-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தகப்பனாருக்கு அது பெரிய மனக்குறை. மகன் என்றாவது திரும்பி வருவான் என்று காத்திருந்தவர் அவர்.

ராகிக் கல்லில் ஒரு கணக்கு

இனி சுழற்சிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ராகி அரைக்கும் திருகைக் கல்லைப் பார்த்திருந்தால் போதும்.

இரண்டு வட்டக் கற்கள். இரண்டும் 20 கிலோ. ஒன்று கனமாக, சிறு வட்டமாக இருக்கிறது. மையத்தில் இருந்து ஓரம் வரையில் 20 சென்டி மீட்டர். மற்றது மெல்லியது, அகலமானது. மையத்தில் இருந்து ஓரம் வரையில் 40 சென்டி மீட்டர். இரண்டையும் விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றி விடுகிறோம்.

இப்போது கையை வைத்து நிறுத்துங்கள். எதை நிறுத்துவது கஷ்டம்?

எடை ஒன்றுதான். சுற்றும் ஒன்றுதான். ஆனாலும் அகலக் கல்லை நிறுத்துவதுதான் கஷ்டம். ஏன்? அதன் ஓரம், மையத்தை விட்டு அதிக தூரத்தில் இருக்கிறது. அதே ஒரு விநாடியில் அதிக தூரம் ஓட வேண்டி இருக்கிறது.

சுற்றும் பொருளிடம் உள்ள இந்தச் சரக்குக்குக் 'கோண உந்தம்' என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கணக்கு இதுதான்:

எடையை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தில் இருந்து ஓரத்துக்கு உள்ள தூரத்தால், மீட்டரில், இரண்டு முறை பெருக்குங்கள். வட்டக் கல்லானால் அதில் பாதி. சிறிய கல்லுக்கு: 20 × 0.2 × 0.2 = 0.8. பாதி 0.4. இதைச் சுற்றும் வேகத்தால் பெருக்க வேண்டும். விநாடிக்கு ஒரு சுற்று என்பது கோணக் கணக்கில் 6.28. ஆக, விடை சுமார் 2.5.

அகலக் கல்லுக்கு: 20 × 0.4 × 0.4 = 3.2. பாதி 1.6. அதை 6.28-ஆல் பெருக்கினால் சுமார் 10.

தூரம் இரண்டு மடங்கு ஆனது. கோண உந்தம் நான்கு மடங்கு ஆகி விட்டது!

கல்லாக இல்லாமல், ஓரத்தில் மட்டும் கனம் உள்ள வளையமாக இருந்தால் பாதியாக்க வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். என்ஜினில் உள்ள பிளைவீல் சக்கரத்தின் கனத்தைப் பெரும்பாலும் ஓரத்தில் வைப்பது இதற்காகத்தான்.

இன்னொரு விதியும் உண்டு. வெளியில் இருந்து யாரும் திருகவோ தடுக்கவோ செய்யாத வரையில், இந்தச் சரக்கு கூடாது, குறையாது. சுழல் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு கையிலும் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து, கையை நீட்டச் சொல்லிச் சுற்றி விடுங்கள். அவர் கையை மார்போடு சேர்த்தால் போதும், நாற்காலி விர்ரென்று வேகம் எடுக்கும். தூரம் குறைந்தது, அதை ஈடு கட்ட வேகம் கூடிற்று. (சிறுவர்கள் இதைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பார்க்கவும்.)

சூரியன் சுருங்கினால்?

இதே கணக்கை சூரியனுக்குப் போட்டுப் பார்ப்போம்.

சூரியன் பூமியைப் போல் 109 மடங்கு அகலம். சுருங்கிப் பூமி அளவு வெள்ளைக் குள்ளன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 109-ஐ 109-ஆல் பெருக்கினால் சுமார் 11,900. சுற்றும் வேகம் அத்தனை மடங்கு ஏறும். 25 நாள் என்பது 36,000 நிமிடம். வகுத்துப் பாருங்கள். 3 நிமிடத்துக்கு ஒரு சுற்று!

இன்னும் சுருங்கி, மையத்தில் இருந்து ஓரத்துக்கு 10 கிலோ மீட்டர் உள்ள உருண்டை ஆனால்? விநாடிக்கு 2,000 சுற்றுக்கு மேல் வரும்.

இது பாடத்துக்காகப் போட்ட கணக்கு. உண்மையில் நட்சத்திரம் சுருங்கும்போது நிறைய வாயுவை வெளியே வீசும். சுழற்சிச் சரக்கின் பெரும் பகுதி அதோடு போய் விடும். ஆனாலும் விஷயம் பொய் அல்ல. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜாசலின் பெல் என்ற மாணவி, வானத்தில் இருந்து கடிகாரம் போலத் துடிக்கும் ரேடியோ ஒலியைக் கண்டுபிடித்தார். சுருங்கிப் போன நட்சத்திரங்களே அவை. 1054-ல் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் விநாடிக்கு 30 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 716 முறை சுற்றுவது கூட ஒன்று இருக்கிறது!

சபையில் சிரித்தார்களே, அந்தக் கணக்கு வானத்தில் உயிரோடு வந்து நின்றது. சந்திரசேகர் எல்லைக்கு மேல் சுருக்கம் நிற்காது என்பது உண்மையாயிற்று.

மாங்கொட்டை வடிவம்

ஆனால் அப்போது சந்திரசேகர் வேறு கணக்கில் மூழ்கி இருந்தார். தொடக்கத்தில் கேட்டோமே, அந்தக் கேள்வியில்.

சுற்றும் திரவ உருண்டை என்ன உருவம் எடுக்கும்? பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்க வேண்டும் என்று 1687-லேயே நியூட்டன் சொன்னார். பூமியின் மையத்தில் இருந்து நடுக்கோட்டுக்கு உள்ள தூரம், துருவத்துக்கு உள்ள தூரத்தைவிட 21 கிலோ மீட்டர் அதிகம் என்று பிற்காலத்தில் அளந்தார்கள்.

1742-ல் மெக்லாரின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மேலும் போனார். சுழற்சிச் சரக்கு ஏற ஏற, உருண்டை பறங்கிக்காய் போலத் தட்டையாகிக்கொண்டே போகும் என்றார்.

1834-ல் ஜெர்மன் கணித மேதை யக்கோபி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பறங்கிக்காய் வடிவம் மட்டும் அல்ல, நீளம், அகலம், கனம் மூன்றும் வேறு வேறாக உள்ள வடிவத்திலும் திரவம் நிலையாகச் சுற்ற முடியும் என்றார். கிருஷ்ணகிரிச் சீமையில் இதற்கு உதாரணம் தேட வேண்டுமா? மாங்கொட்டையை எடுத்துத் தரையில் படுக்க வைத்துச் சுற்றி விடுங்கள். அதுதான் யக்கோபியின் வடிவம்.

இதில் ஒரு வேடிக்கை. பறங்கிக்காயில் சுழற்சிச் சரக்கை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது மாங்கொட்டையாக நீளத் தொடங்கும். மேலும் ஏற்றினால் மேலும் நீளும். நீள நீள, சுற்றும் வேகம் கூடாது, குறையும்! சரக்கு ஏறுகிறது, வேகம் இறங்குகிறது. சுற்றும் வேகம் வேறு, கோண உந்தம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பரீட்சையில் இரண்டையும் ஒன்றாக நினைத்து மார்க்கைக் கோட்டை விடும் பிள்ளைகள் அகலக் கல்லையும் மாங்கொட்டையையும் நினைத்துக்கொண்டால் போதும்.

பிறகு டிரிச்லே, டெடகிண்டு, ரீமான் என்ற மேதைகள் வந்தார்கள். பாத்திரம் அசையாமல் இருக்க உள்ளே குழம்பு மட்டும் சுற்றுவது போல, வடிவம் வானத்தில் அசையாமல் நிற்க, உள்ளே திரவம் மட்டும் சுற்றலாம் என்று கூடக் கண்டார்கள். 1885-ல் பிரான்சின் புவான்காரே, மாங்கொட்டை பேரிக்காய் ஆகலாம் என்றார். அது இரண்டாகப் பிளந்தே இரட்டை நட்சத்திரங்கள் பிறந்தன என்று பலரும் ஆசையோடு நம்பினார்கள். பேரிக்காய் நிலைத்து நிற்காது என்று கார்டான் என்ற கணித நிபுணர் 1920-களில் காட்டினார். ஆசை கலைந்தது. கணக்கையும் அப்படியே விட்டு விட்டார்கள்.

1960 வாக்கில், ஐம்பது வயதில், சந்திரசேகர் இதைக் கையில் எடுத்தார். வான விஞ்ஞானிகள் புதுப்புதுக் கண்டுபிடிப்புகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரம். இவர் நூறு ஆண்டுக்கு முந்திய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். துணைக்கு லெபோவிட்ஸ் என்ற மாணவர். ஒவ்வொரு வடிவமாக எடுத்து, இது நிலைக்குமா, சிறு தட்டுத் தட்டினால் கலைந்து விடுமா என்று கணக்கிட்டார்கள். பழைய மேதைகள் விட்ட இடைவெளிகளை நிரப்பினார்கள். சில தவறுகளைத் திருத்தினார்கள். 1969-ல் புத்தகம் வந்தது.

இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. 1970-ல் லாபம் தெரிந்தது.

சுற்றும் மாங்கொட்டை வடிவ நட்சத்திரம், ஈர்ப்பு அலைகளை வீசும் என்பது ஐன்ஸ்டீன் கொள்கை. அலை, நட்சத்திரத்தின் கோண உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகும். சரக்கு குறைந்தால் என்ன ஆகும்? மேலே பார்த்த வேடிக்கை தலைகீழாக நடக்கும். வேகம் கூடும்! இன்னொன்றையும் அவர் கண்டார். நிலையாக இருக்கும் என்று நினைத்த சுழலும் நட்சத்திரம், ஒரு கட்டத்துக்கு மேல், இந்த அலைகளாலேயே நிலை குலையத் தொடங்கும். பின்னால் வந்தவர்கள் இதை விரித்து எழுதினார்கள். இன்றும் அந்த விளைவு அவர் பெயரைச் சேர்த்தே அழைக்கப்படுகிறது.

ஈர்ப்பு அலை முதன்முதலாகக் கருவியில் பிடிபட்டது 2015-ல். அவர் அப்போது இல்லை.

வானத்து மாங்கொட்டை ஒன்றும் அவர் காலத்துக்குப் பிறகே அகப்பட்டது. நெப்டியூனுக்கு அப்பால் ஹௌமியா என்ற சிறு கிரகம் இருப்பதாக 2005-ல் அறிவித்தார்கள். நீளம் சுமார் 2,300 கிலோ மீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. மூன்று பக்கமும் மூன்று அளவு!

சித்தப்பா ராமனும் சுழற்சியை விடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒளித்துகளுக்கும் சுழற்சி உண்டு என்பதற்குப் பரிசோதனை மூலம் சான்று கிடைத்ததாக, பகவந்தத்துடன் சேர்ந்து 1931-ல் அவர் எழுதினார். ஒளியில் சித்தப்பா, நட்சத்திரத்தில் மகன்!

கருந்துளை

60 வயதைத் தாண்டிய பிறகு சந்திரசேகர் கருந்துளைக் கணக்கில் இறங்கினார். சுருங்கிக்கொண்டே போகும் நட்சத்திரம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. ஒளி கூடத் தப்ப முடியாது. எடிங்டன் அபத்தம் என்று தள்ளியது இதைத்தான்.

1963-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர் சுழலும் கருந்துளைக்குச் சூத்திரம் கண்டிருந்தார். அதை விவரிக்க இரண்டே எண்கள் போதும். ஒன்று அதன் கனம். மற்றது அதன் கோண உந்தம்! ஒரு நட்சத்திரத்தின் நிறம், சூடு, வடிவம் எல்லாம் மறைந்து போய், ராகிக் கல்லுக்கு நாம் போட்டோமே, அந்த எண் மட்டும் மிஞ்சுகிறது.

இதய நோய் கண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. கணக்கு நிற்கவில்லை. 600 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் 1983-ல் வெளிவந்தது. அதே ஆண்டு, வில்லியம் பௌலர் என்பவருடன் சேர்த்து, நோபல் பரிசும் வந்தது. கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் ஆகி இருந்தன.

கடைசியாக நியூட்டனின் பெரிய நூலைச் சாதாரண வாசகர்களுக்கு விளக்கும் புத்தகம் எழுதினார். 1995-ல் அது வெளியாயிற்று. அந்த ஆண்டே, ஆகஸ்டு 21-ந் தேதி, சிகாகோவில் காலமானார். வயது 84. லலிதா அம்மையார் 2013 வரையில், நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

ராயக்கோட்டைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் அங்கே போய் வரலாம்.

1999 ஜூலை 23-ந் தேதி அமெரிக்கா பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கி ஒன்றை வானத்தில் ஏற்றியது. கொண்டு சென்ற விண்கப்பலின் தலைவி அய்லீன் காலின்ஸ் என்ற பெண்மணி. தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க நண்பர்கள் சந்திரசேகரை அப்படித்தான் செல்லமாக அழைப்பார்கள்.

வெட்டவெளியில் மிதக்கும் தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தில் இருந்து இன்னொரு நட்சத்திரத்துக்குத் திரும்ப வேண்டும். கால் ஊன்றித் திரும்ப அங்கே தரை இல்லை. பிடித்துக்கொள்ளச் சுவரும் இல்லை. அதற்காக அதன் உள்ளே சுழலும் சக்கரங்களை வைத்திருக்கிறார்கள். சக்கரத்தை ஒரு பக்கம் வேகமாகச் சுற்றி விட்டால், மொத்தச் சரக்கு மாறக்கூடாது என்ற விதிப்படி, தொலைநோக்கி மறு பக்கம் மெதுவாகத் திரும்புகிறது. 2024-ல் அது 25 ஆண்டுகளை முடித்தது.